ஸ்பெயின், ஜெர்மனி முதலீட்டை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

ஜெர்மனி, ஸ்பெயின் இரண்டின் முதலீட்டு விகிதத்தையும் (ஜிடிபியில், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், முதலீட்டின் பங்கு) ஒரே படத்தில் வரைந்து பாருங்கள். 2007 வாக்கில் ஸ்பெயின் ஜிடிபியில் 30 சதவீதத்தை ஒட்டி நிற்கும், ஜெர்மனி 20 சதவீதத்தை ஒட்டி. 2013க்குள் ஸ்பெயினின் கோடு ஜெர்மனிக்குக் கீழே இறங்கிவிடும். 'ஸ்பெயின் தாராளமாகச் செலவழித்தது, ஜெர்மனி கஞ்சத்தனம் பண்ணியது' என்று உடனே எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

நம் பேச்சில் முதலீடு என்றால் ஷேர், மனை, தங்கம். இந்தக் கணக்கில் அவை வராது. புதிதாகக் கட்டிய வீடு, சாலை, இயந்திரம், மென்பொருள் இவைதான் வரும். பழைய வீடு கைமாறினால் புரோக்கர் கமிஷன், பதிவுச் செலவு மாதிரியானவை மட்டும் ஏறும். அந்நிய நேரடி முதலீடு என்பது முற்றிலும் வேறு கணக்கு.

பெரிய தவறு, அந்த 30 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது. 2006இல் ஸ்பெயினில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வேலை தொடங்கினார்கள். கிட்டத்தட்ட இரு மடங்கு மக்கள்தொகை கொண்ட ஜெர்மனியில் அதில் பாதிகூட இல்லை. மாட்ரிட்டுக்குத் தெற்கே சியுடாட் ரியாலில் சுமார் 100 கோடி யூரோ செலவில் ஒரு விமான நிலையம் கட்டினார்கள். 2012இல் அதை மூடிவிட்டு, 2016இல் 5.62 கோடி யூரோவுக்கு விற்றார்கள். ஆனால் கட்டிய வருடங்களில் அந்தச் செலவு அத்தனையும் முதலீடாகத்தான் பதிவானது. விமானம் வந்ததா இல்லையா என்று புள்ளிவிவரம் கேட்பதில்லை.

அதற்காக ஜெர்மனியை மெச்சிவிடவும் வேண்டாம். நாம் பார்ப்பது மொத்த முதலீடு. தேய்மானத்தைக் கழித்தால் கதை மாறும். 2003 தொடங்கிப் பல ஆண்டுகள் ஜெர்மன் உள்ளாட்சிகளின் நிகர முதலீடு பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. போட்டதைவிடத் தேய்ந்தது அதிகம் என்று அர்த்தம். தேய்மானம் வெறும் கணக்குப் பதிவு இல்லை, கண்ணுக்கும் தெரியும். ஏ45 நெடுஞ்சாலையில் லூடன்ஷைட் அருகே 1960களில் கட்டிய ராமெடே பாலத்தை 2021 டிசம்பரில் மூடினார்கள், 2023 மே மாதம் வெடி வைத்தே தகர்த்தார்கள்.

அப்புறம் தொடக்க ஆண்டு. 2007இன் முதலீட்டை 100 என்று வைத்து மற்ற ஆண்டுகளை அதோடு ஒப்பிட்டால் ஸ்பெயின் பரிதாபமாகத் தெரியும், 1995ஐ வைத்தால் அவ்வளவு மோசமில்லை. ஜெர்மனிக்கு 1990களின் முதல் பாதியும் அப்படித்தான்: கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் இணைந்த பின் கிழக்கில் நடந்த கட்டுமான அலையில் கோடு உயரத்தில் இருந்தது. அங்கிருந்து அளந்தால் அடுத்த பத்தாண்டு முழுக்கச் சரிவாகவே தெரியும்.

பழைய எக்செல் கோப்புகளையும் நம்பாதீர்கள். 2014 செப்டம்பரில் ஐரோப்பியக் கணக்கு முறை மாறி, ஆராய்ச்சிச் செலவும் முதலீட்டில் சேர்ந்தது. ஆராய்ச்சிக்கு அதிகம் செலவிடும் ஜெர்மனிக்கு இதில் ஸ்பெயினைவிடக் கூடுதல் ஏற்றம். நானே ஒருமுறை பழைய புள்ளிவிவர வரிசையோடு புதியதை ஒட்டிவிட்டு, ஜெர்மனியின் 'திடீர் எழுச்சி'க்கு அரைநாள் காரணம் தேடியிருக்கிறேன்.

ஒப்பிட அயர்லாந்தை எடுத்தால் இன்னும் கவனம் தேவை. 2015இல் அதன் ஜிடிபி 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் அறிவித்தார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளை, முக்கியமாகக் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துகளை, அங்கே மாற்றியதன் விளைவு அது. அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இவற்றை நீக்கித் திருத்திய முதலீட்டு வரிசை ஒன்றை வெளியிடுகிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.