தரையோடு வரும் பந்து: சாஃப்ட்பால் இன்ஃபீல்டு பழக்கும் முறை

குமரி மாவட்டத்தில் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) பழக வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவர்கள். பந்து பிடிக்கத் தெரியும், எறியத் தெரியும். முதலில் மாற்ற வேண்டியதும் அந்தப் பழக்கத்தைத்தான்.

கிரிக்கெட்டில் தரையோடு வரும் பந்துக்குப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி அணை கட்டுவார்கள். பந்து தாண்டிப் போகாமல் இருந்தால் போதும். சாஃப்ட்பாலில் அடித்தவர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய நான்கு இடங்கள்தான் பேஸ். சதுரமாக அமைந்த அவற்றில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 60 அடி, அதாவது 18.29 மீட்டர்தான். அடித்துவிட்டு ஓடும் பிள்ளை ஏறக்குறைய நான்கு நொடியில் முதல் பேஸைத் தொட்டுவிடும். முட்டி போட்டு, எழுந்து, திரும்பி எறிவதற்குள் கதை முடிந்துவிடும். நடந்துகொண்டே எடுத்து, அந்த நடையிலேயே எறிய வேண்டும். இன்ஃபீல்டில், அதாவது பேஸ்களை ஒட்டிய உட்களத்தில், பாதி வேலை காலுக்கு.

இன்னொரு பழக்கம் ஸ்டம்பைக் குறிபார்ப்பது. பிள்ளைகள் பேஸையும் அதேபோல் குறிபார்ப்பார்கள். பந்து தரையில் பட்டுத் தெறித்து ஓடும். எறிய வேண்டிய இடம், பேஸில் நிற்பவரின் நெஞ்சு. அடித்தவர் முதல் பேஸுக்கு வந்து சேரும் முன் அங்கே நிற்பவர் பந்தைக் கையில் வைத்துப் பேஸை மிதித்தாலே அவுட். ஓடி வருபவரைத் தொட வேண்டியதில்லை. இதை முதல் நாளே களத்தில் நடத்திக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பந்தை வைத்துக்கொண்டு ஓடுபவரைத் துரத்துவார்கள்.

தேவையானவை

பெரியவர்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு அது பெரிது. 11 அங்குலப் பந்து போதும். முதல் இரண்டு வாரத்துக்கு டென்னிஸ் பந்தும் மெதுவான ரப்பர் பந்தும் வேண்டும். காரணம் பயம். கனமான பந்து ஒருமுறை தாடையில் பட்டால், அந்தப் பிள்ளை அடுத்த பந்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். முகக்கவசம் கிடைத்தால் கட்டாயம் போட வையுங்கள்.

கிளவ் எறியாத கையில். வலக்கையால் எறிபவருக்கு இடக்கையில். சொல்லாமல் விட்டால் பாதிப்பேர் மாற்றிப் போடுவார்கள். சிறு பிள்ளைகளுக்கு 11 அங்குல அளவு நல்லது. அண்ணன் போட்ட பெரிய கிளவ் வேண்டாம், பந்து உள்ளே எங்கே இருக்கிறதென்று கை தேடும். புது கிளவ் பலகைபோல் விறைப்பாக இருக்கும். நடுக்குழியில் ஒரு பந்தை வைத்து மூடி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுகக் கட்டி இரவு முழுக்க வையுங்கள். தேங்காய் எண்ணெயில் குளிப்பாட்டாதீர்கள். தோல் கனத்துத் தொய்ந்துவிடும்.

பேஸுக்கு 38 சென்டிமீட்டர் சதுரமாக மடித்துத் தைத்த சாக்கு போதும், நான்கு மூலையிலும் ஆணி அடித்து. ஆணித் தலை மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

நம் ஊர் மைதானங்கள் பலவற்றில் செம்மண்ணோடு சரளைக்கல் கிடக்கும். பந்து கல்லில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பயிற்சிக்கு முன் ஆளுக்கு இருபது கல் பொறுக்கச் சொல்லுங்கள். உடம்பும் சூடாகும், மைதானமும் சுத்தமாகும்.

1. நிற்கும் முறை

கிளித்தட்டில் கோட்டைக் காப்பவர் எப்படி நிற்பார்? கால்கள் தோளைவிட அகலம், முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில், எந்தப் பக்கமும் பாயத் தயார். அதே நிலைதான். கிளித்தட்டு ஆடிய பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். கூடுதலாக ஒன்று: கிளவ் திறந்து, முழங்காலுக்குக் கீழே தொங்க வேண்டும்.

பிட்சர் (பந்து வீசுபவர்) கையைச் சுழற்றும்போது வலது, இடது என இரண்டு சிறு அடி முன்னால் வைத்து, பந்து மட்டையை அடையும் நேரத்தில் இந்த நிலைக்கு வரட்டும். ஆணி அடித்ததுபோல் நிற்பவருக்கு முதல் அடி எடுத்துவைக்கத் தாமதமாகும்.

2. கிளவ் இல்லாமல் எடுப்பது

இங்கேதான் அதிக நாள் செலவிட வேண்டும். அவசரப்பட்டு மட்டையை எடுத்துவிட்டால் பின்னால் வருந்துவீர்கள்.

பயிற்சியாளர் 3 மீட்டர் தள்ளி நின்று டென்னிஸ் பந்தைக் கையால் உருட்டட்டும். பிள்ளை வெறுங்கையால் எடுக்கட்டும். இரண்டு பாதமும் ஒரு முக்கோணத்தின் அடிப்பக்கம், கைகள் அதன் முன்முனை. பந்தைக் கால்களுக்கு நடுவில் எடுக்கக் கூடாது. முகத்துக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எடுக்க வேண்டும். வலக்கைக்காரருக்கு இடது பாதம் அரை அடி முன்னால்.

இடக்கை விரல் நுனி தரையைத் தொட வேண்டும். வலக்கை அதற்கு மேலே, சிரட்டையை மூடும் மற்றொரு சிரட்டைபோல. பந்து உள்ளே வந்ததும் மூடி விழும். மேடு தட்டி எழும்பும் பந்து முகத்துக்கு வராமல் தடுப்பதும் அந்தக் கைதான்.

கை கீழிருந்து மேலே வரலாம். மேலிருந்து கீழே போகக் கூடாது. உயரத்தில் காத்திருக்கும் கை, பந்து தாழ்ந்து வந்தால் எட்டாது. இடுப்பு இறங்காமல் முதுகை மட்டும் வளைப்பவர்களுக்குத்தான் பந்து காலிடுக்கில் போகும். "இடுப்பை இறக்கு மக்கா" என்று தினமும் ஐம்பது முறை சொல்ல வேண்டியிருக்கும், சலிக்காமல் சொல்லுங்கள். தலை குனிந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: பந்தை எடுக்கும் நொடியில் தொப்பி உச்சியிலுள்ள பொத்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பத்துப் பந்து வீதம் மூன்று சுற்று. பிறகு கழுவிய பழைய ஹவாய் செருப்பு ஒன்றை இடக்கையில் மாட்டிவிடுங்கள்: வார் புறங்கையில், அடிப்பக்கம் பந்தைப் பார்த்து. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். செருப்பால் பந்தைக் கவ்விப் பிடிக்க முடியாது. வலக்கை வந்தே ஆக வேண்டும், மோதும் நேரத்தில் கையை உடம்பை நோக்கி மெல்ல இழுத்தே ஆக வேண்டும். கிளவ் போட்ட பிறகு ஒற்றைக்கையால் அள்ளும் பழக்கம் வராமலிருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

3. பந்தை நோக்கிப் போவது

துள்ளி வரும் பந்தை இரண்டு இடத்தில் எடுக்கலாம்: தரையில் பட்ட உடனே, அல்லது உச்சிக்குப் போய் இறங்கும்போது. எழும்பிக்கொண்டிருக்கும் பாதி வழியில் எடுப்பதுதான் கடினம். பின்னால் நகர்ந்தபடி காத்திருப்பவருக்குப் பெரும்பாலும் அந்தப் பாதி வழிப் பந்துதான் வாய்க்கும். முன்னால் போகிறவர் தனக்கு வேண்டிய துள்ளலைத் தேர்ந்துகொள்வார்.

நேராகவும் போக வேண்டாம். வலக்கைக்காரர் பந்துக்குச் சற்று வலப்புறமாக வளைந்து போனால், எடுக்கும்போதே உடம்பு முதல் பேஸ் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். தரையில் சுண்ணாம்புத் தூளால் அந்த வளைவை வரைந்துவிட்டால் பேச்சு மிச்சம். பக்கவாட்டில் தூரமாகப் போகும் பந்துக்கு, எதிர்ப்பக்கக் கால் குறுக்கே வந்து முதல் அடி வைக்க வேண்டும்.

4. எடுத்து எறிவது

தாளம் இதுதான்: "வலம், இடம், எடு; வலம், இடம், எறி." பந்தே இல்லாமல், எல்லாரும் வாய்விட்டுச் சொல்லி, மைதானத்தின் குறுக்கே இருபது முறை நடக்கட்டும். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். அவர்களை முதல் பேஸில் பழக்குங்கள். மற்ற இடங்களில் எறிவதற்கு முன் உடம்பைத் திருப்ப வேண்டியிருப்பதால் நேரம் போகும்.

எடுத்த பந்தை இரு கையோடும் நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். கை மாறுவது அங்கேதான். தையலுக்குக் குறுக்கே விரல்கள். கை சிறிதானால் மூன்று விரல், நான்கு விரல்கூட வைக்கலாம். உள்ளங்கையில் புதைத்துப் பிடித்தால் மணிக்கட்டு வேலை செய்யாது, பந்து வேகமில்லாமல் மிதக்கும். இரண்டாவது "வலம்" விழும்போது வலது பாதத்தின் உட்பக்கம் குறியைப் பார்க்க வேண்டும். பந்து தலைக்கு மேல் பறந்தால் கையைத் திட்டாதீர்கள். அந்தப் பாதம் திரும்பியதா என்று பாருங்கள்.

6 மீட்டரில் தொடங்கி 10, 15, 18 என்று கூட்டுங்கள். பத்து எறியில் எட்டு நெஞ்சுக்கு வந்தால்தான் அடுத்த தூரம். மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு ஏறக்குறைய 26 மீட்டர். அவ்வளவு தூரம் எட்டாத பிள்ளை வளைத்து உயர எறிய வேண்டாம், ஒரு துள்ளலில் போகும்படி தாழ்வாக எறியட்டும்.

முதல் பேஸில் நிற்பவருக்கு ஒரே எச்சரிக்கை: பந்து வரும் திசை தெரிந்த பிறகே காலை நீட்ட வேண்டும். முன்கூட்டியே நீட்டிவிட்டால் பக்கம் விலகி வரும் பந்துக்கு நகர முடியாது. ஆரஞ்சும் வெள்ளையுமாக இரட்டைப் பேஸ் வைத்திருந்தால், வெள்ளைப் பாதி பிடிப்பவருக்கு, ஆரஞ்சுப் பாதி ஓடிவருபவருக்கு. மோதலைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு.

நேரமும் காற்றும்

நாற்பத்தைந்து நிமிடம் போதும்: கல் பொறுக்கலும் ஓட்டமும் பத்து, வெறுங்கையும் செருப்பும் பதினைந்து, தாளத்தோடு எறிதல் பதினைந்து, கடைசி ஐந்தில் போட்டி. ஒரு வரிசையில் நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. நின்று வேடிக்கை பார்ப்பவர் கற்றுக்கொள்வதில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு மட்டையால் அடித்துக் கொடுங்கள், அதுவும் மெதுவாக.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் உயர எறிந்த பந்து விலகிப் போகும். அந்த மாதங்களில் 15 மீட்டரோடு நிறுத்திக்கொண்டு தாழ எறியப் பழக்கலாம். மழை நாளில் தோல் பந்தை வெளியே எடுக்காதீர்கள், நனைந்தால் கனக்கும். பள்ளி வராந்தாவில் டென்னிஸ் பந்தை உருட்டி இரண்டாம் படியைத் திரும்பச் செய்யலாம். நனைந்த கிளவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும்.