கண்மாய்க்கரைக் காட்டைக் காப்பாற்ற மனு போடுவது எப்படி?

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே ஒரு புதர்க்காடு இருக்கிறது. வெளியாள் பார்த்தால் காரைச்செடியும் சூரைமுள்ளும் மண்டிய தரிசு. அங்கே கிராவல் அள்ளுவதற்காக ஒரு நாள் ஆட்கள் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு நான் போட்ட மனுக்கள் மூன்று. முதல் இரண்டும் போன இடம் தெரியவில்லை. மூன்றாவது வேலை செய்தது. அந்த மூன்றாவதை எப்படித் தயார் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. மனுவுக்கு மேலே 'அனுப்புநர், பெறுநர்' போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. அங்கே என்ன இருக்கிறது?

காலை ஆறு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் நடங்கள். பார்த்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதம் போதும். பறவைகளுக்கு இ-பேர்ட் செயலி, மற்றதுக்கெல்லாம் ஐ-நேச்சுரலிஸ்ட். வாட்ஸப் குழுவில் படம் போட்டு 'இது என்ன?' என்று கேட்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காரணம் இருக்கிறது.

ஒரு மழைக்கு மறுநாள், காரைச்செடியின் அடியில் கவிழ்த்துப்போட்ட கொட்டாங்குச்சி மாதிரி ஒன்று கிடந்தது. கிட்டே போனால் நட்சத்திர ஆமை. ஓட்டில் இருக்கிற மஞ்சள் கோடுகள் காய்ந்த புல்லோடு அப்படியே கலந்துவிடுகின்றன. அது தலையை உள்ளே இழுக்காமல் இருந்திருந்தால் மிதித்திருப்பேன். கண்டால் தூக்காதீர்கள். பயத்தில் ஒன்றுக்குப் போய்விடும், கோடையில் அந்தத் தண்ணீர்தான் அதன் கையிருப்பு. வீட்டில் வளர்ப்பதற்காக இதைக் கடத்துகிறவர்கள் ஏராளம். அதனால்தான் 2019-ல் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு இதை ஏற்றினார்கள். ஐ-நேச்சுரலிஸ்டில் இப்படி ஆபத்தில் இருக்கிற உயிரினங்களின் சரியான இடம் தானாகவே மறைக்கப்படும். வாட்ஸப் எதையும் மறைக்காது.

2. சர்வே எண் (நான் சறுக்கிய இடம்)

என் முதல் மனு இரண்டரைப் பக்கம். 'பறவைகளின் சரணாலயம்', 'வருங்காலத் தலைமுறை' எல்லாம் இருந்தது. எந்த நிலம் என்பது மட்டும் இல்லை. 'எங்கள் ஊர்க் காடு' என்று எழுதியிருந்தேன். ஒரு அலுவலகம் அதை இன்னொன்றுக்கு அனுப்ப, அது வனத்துறைக்கு அனுப்ப, 'மேற்படி இடம் காப்புக்காடு அல்ல' என்று ஒரே வரியில் பதில் வந்து கதை முடிந்தது. நாம் காடு என்கிறோம். அரசாங்கத்தின் காகிதத்தில் அது காடே இல்லை!

செய்ய வேண்டியது இதுதான். வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து அ-பதிவேடு எடுங்கள். நிலத்தின் வகை அதில்தான் இருக்கும். எங்களுடையது பாதி கண்மாய்ப் புறம்போக்கு, பாதி மேய்க்கால் புறம்போக்கு. ஒரே காடு, இரண்டு சர்வே எண். இரண்டாவது மனுவில் ஒரு எண்ணைத்தான் எழுதினேன். அளந்துவிட்டுப் போனவர்கள் குறி வைத்தது மற்றொன்றை. எண் தெரியாவிட்டால் வி.ஏ.ஓ.வைவிட தலையாரியைக் கேளுங்கள். எங்கள் ஊரில் அவர் காலால் நடந்தே எல்லை காட்டினார்.

கண்மாய் யாருடையது என்பது அடுத்த சிக்கல். ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ நூறு ஏக்கருக்கு, மேலே இருந்தால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுதினால் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று இரு தரப்பிலும் கையைக் கழுவுவார்கள்.

3. என்ன கேட்பது?

'காப்பாற்றுங்கள்' என்று கேட்டால் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வரும். சட்டத்தில் இருப்பதைக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், பிரிவு 37: உள்ளாட்சி அமைப்பைக் கலந்து ஒரு இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் அறிவிக்கப்பட்டது மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும், 2022 நவம்பரில். அதன் ஒரு பகுதியையே 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பட்டம் கிடைத்தாலும் காவல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரிவு 41-ன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் வேலை. 2020 ஜனவரிக்குள் முடிக்காவிட்டால் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததில் பல இடங்களில் அவசர அவசரமாக எழுதியிருப்பார்கள். எங்கள் பதிவேட்டில் வேம்பு, ஆல், அரசு, காக்கை. ஆமையைக் காணோம். அதைச் சேர்க்கச் சொல்வதுதான் உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும், செலவில்லாமல் நடக்கும்.

4. கிராம சபை

சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை எழுதி முந்தின வாரமே கிளார்க்கிடம் கொடுத்துவிடுங்கள். கோரம் (குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு) முக்கியம்: மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை இருக்கிற ஊராட்சிக்கு 100 பேர்.

நான் செய்த மடத்தனம் ஒன்று. உயிரினப் பட்டியலில் மயிலை முதலில் போட்டிருந்தேன். வாசித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவிட்டார்.

"ஏன் தம்பி, அது தின்ன கடலைக்கு நீ காசு தருவியா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், ஆனால் அதோடு தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த முறை மயிலைக் கடைசியில் போட்டு, அந்தப் புதர்க்காடு இருப்பதால்தான் மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் கண்மாய்க்கு வருகிறது என்பதை முதலில் வைத்தேன். அதே பெரியவர்தான் முதல் கையெழுத்துப் போட்டார்.

5. கொடுப்பது, துரத்துவது

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் நேரில் கொடுங்கள். இணைப்பில் கிராம சபைத் தீர்மான நகல், அ-பதிவேடு, புல வரைபடம், உயிரினப் பட்டியல். ஆமையைக் கண்ட சரியான இடத்தைக் குறிக்காதீர்கள், சர்வே எண் போதும். ரசீது எண்ணை வாங்காமல் நகராதீர்கள். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. டைப் செய்ய வேண்டுமென்று இல்லை. தெளிவான கையெழுத்து என்றால் அதுவே போதும் என்பது என் கட்சி.

நாற்பத்தைந்து நாள் பார்த்துவிட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டே கேள்வி: என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது? அதன் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தருக. 30 நாளில் பதில் வர வேண்டும். எனக்கு 27-ஆம் நாள் வந்தது. நகலைவிட, யாரோ கோப்பை எடுத்துப் பார்த்தார்களே, அதுதான் லாபம்.

பிற்சேர்க்கை 1: 'பாரம்பரியத் தலம் ஆகிவிட்டால் ஆடு மேய்க்க விடமாட்டார்களா?' என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, ஊர்க்காரர்களின் வழக்கமான பயன்பாட்டுக்கு அவர்களாக முடிவு செய்தாலொழியத் தடை வராது. இதைத் தீர்மானத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிறவர்கள்) வருகிற ஊர் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

பிற்சேர்க்கை 2: பேரூராட்சி, நகராட்சியில் கிராம சபை கிடையாது. அங்கே பகுதி சபை, வார்டு குழு. கவுன்சிலரைப் பிடிக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 3: எங்கள் காடு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: கிராவல் அனுமதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆமை பதிவேட்டில் ஏறியது, 'நச்சத்திர ஆமை' என்று எழுத்துப்பிழையோடு. பாரம்பரியத் தலக் கோரிக்கை இன்னும் நிலுவையில். அடுத்த திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.