கரி ஸ்மோக்கரைக் காரில் கொண்டுபோக: டிக்கி நாறாமல் திரும்பி வர

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து, பாலத்துக்கு அப்பால் அரியமான் பக்கம் மாமாவின் தென்னந்தோப்புக்கு முதல்முறை ஸ்மோக்கரை, அதாவது கரிச்சூட்டிலும் புகையிலும் மீன், இறைச்சி வேகவைக்கும் தகட்டு அடுப்பைக் கொண்டுபோனபோது ஒரு தூசிகூடக் கொட்டவில்லை. திரும்பும்போதுதான் வினை. மீனிலிருந்து சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஸ்மோக்கருக்குள் வைக்கும் தண்ணீர்ச் சட்டியில் விளைமீனின் கொழுப்பு மிதக்கும் தண்ணீர் பாதிக்கு இருந்தது. மூடித்தானே இருக்கிறது என்று அப்படியே ஏற்றிவிட்டேன். பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஒவ்வொரு இணைப்பிலும் கார் தடக் தடக்கென்று குதிக்க, பாலம் முடிவதற்குள் சட்டி காலி. ஒரு மாதம் வரை காரில் ஏறியவர்கள் எல்லாம் "கருவாடு வாங்குனீங்களா?" என்றே கேட்டார்கள்.

கரியை விடுங்கள், அது துடைத்தால் போய்விடும். பயப்பட வேண்டியது கொழுப்புத் தண்ணீருக்கும் சாம்பலுக்கும்தான்.

கிளம்புமுன்

டிக்கியில் பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரியுங்கள். நாலு ஓரமும் ஒரு சாண் உயரத்துக்கு மேலே மடங்கி நிற்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு காதுகுத்து பேனர். படம் கீழே பார்க்கும்படிதான் விரிப்பேன், அந்தப் பிள்ளையின் முகத்தில் சாம்பல் விழ வேண்டாமே! பேனரின் மேல் ஒரு கோணிச்சாக்கு போட்டால் பொருள் வழுக்காது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் மூட்டம் போட்டு எரித்த கரிச் சாக்கின் அடியில் எப்போதும் தூள் இருக்கும், அது சாக்கின் இழை வழியே கசியும். வீட்டிலேயே சலித்து, கட்டிகளை மட்டும் மூடியுள்ள பெயிண்ட் வாளியில் போட்டுக்கொள்ளுங்கள். தூள் இல்லாத கரிக்குக் காற்றோட்டமும் நன்றாக இருக்கும்.

என் ஸ்மோக்கர் மூன்று அடுக்காகப் பிரியும். அடித்துண்டை நிமிர்த்தியே வைத்து, இருக்கைக்கு முட்டுக்கொடுத்துக் கயிற்றால் கட்டுவேன். படுக்க வைத்தால் காற்றுத்துளை வழியே சாம்பல் கொட்டும். கம்பித்தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, பழைய தலையணை உறையில் செருகிவிடலாம்.

சமைத்து முடித்ததும்

மேல் துளை, கீழ்த் துளை எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். காற்று இல்லாமல் தீ தானாக அடங்கும். அவசரப்பட்டு உள்ளே தண்ணீர் ஊற்றாதீர்கள். சாம்பலும் ஆவியும் முகத்தில் அடிக்கும், சூடான தகடு நெளியும். ஈரச்சாம்பல் தகட்டை அரிக்கும். ஏற்கெனவே அரிக்கும் நம் ஊர் உப்புக்காற்று போதாதா?

அடுத்தது அடங்கிவிட்டதா என்று பார்ப்பது. மாமா ஒருமுறை, "வெறும் சாம்பல்தானே மாப்ளே, ஏத்து" என்றார். கம்பியால் கிளறினேன். மேலே வெள்ளையாகத் தூங்கிக்கொண்டிருந்த கரி, உள்ளே பழுத்த மிளகாய் நிறத்தில் கிடந்தது. சாம்பலுக்கு அடியில் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால் ஸ்மோக்கரைத் தோப்பிலேயே விட்டுவிட்டு, நன்றாக ஆறியபின் இன்னொரு நாள் வந்து எடுப்பதே நல்லது.

அன்றே கிளம்பியாக வேண்டுமா? இரும்பு வாளியில் முக்கால்வாசி தண்ணீர் எடுத்து, இடுக்கியால் கங்குகளை ஒவ்வொன்றாக அதில் போடுங்கள். 'சுர்' சத்தம் நின்றாலும் ஒரு முறை கிளறிப் பாருங்கள். மணலில் புதைக்கவே கூடாது. மணல் சூட்டை விடாது, அடுத்து வெறுங்காலோடு வருவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

கங்கு உள்ள ஸ்மோக்கரை ஏசி போட்ட காரில் ஏற்றினால் தீ மட்டும்தான் ஆபத்து என்றில்லை. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

கொழுப்புத் தண்ணீரை வெதுவெதுப்பாக இருக்கும்போதே திருகுமூடி உள்ள கேனில் ஊற்றிவிடுங்கள். உறைந்தால் சட்டியை விட்டு வராது. ஒட்டியிருப்பதன் மேல் ஒரு கைப்பிடி தவிடு தூவி, செய்தித்தாளால் வழித்தால் சட்டி கிட்டத்தட்ட காய்ந்துவிடும். ஆறிய சாம்பலை மூடியுள்ள தகர டின்னில் அள்ளுங்கள். கொழுப்பு படாத சாம்பல் என்றால் தென்னை மூட்டில் போடலாம், கொழுப்புச் சாம்பலை நாய் தோண்டிவிடும்.

வீட்டில் இறக்கியதும் உள்ளே லேசாக நல்லெண்ணெய் தடவி, மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். இறுக மூடி வைத்த என் ஸ்மோக்கரில் பத்து நாளில் பூஞ்சை பூத்துவிட்டது.