புது டயர் போட்டும் காற்று இறங்குகிறதா?

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு நெருஞ்சி முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; ஆப்பிரிக்கான்ஸில் 'டுவெல்கி' என்பார்களே, அதேதான். ஆனால் எல்லாப் பஞ்சருக்கும் முள் காரணமில்லை. போன மாதம் புது டயர் போட்ட மறுநாளே எனக்குக் காற்று இறங்கிவிட்டது. ட்யூபைத் தண்ணீரில் முக்கினால், குமிழி ஸ்போக் பக்கத்திலிருந்து வந்தது. ரிம்முக்குள் இருக்கும் பட்டை விலகி, ஸ்போக் முனை குத்தியிருக்கிறது! வெளிப்பக்கம் ஓட்டை என்றால் முள். டயரின் உள்ளே துணியால் துடைத்துத் தேடுங்கள். பாம்புக்கடி மாதிரி இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள்.

மாட்டும்போது ட்யூபில் கொஞ்சம் காற்று இருக்கட்டும், மடியாது. டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி ரிம்முக்குள் ஏற்றி, வால்வு அருகே முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுகும். அங்கே தயவுசெய்து லீவரை (டயரை நெம்பும் கருவி) எடுக்காதீர்கள், அது ட்யூபைக் கடித்துவிடும். ஏற்கெனவே ஏறிய விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் சுற்றிலும் அழுத்திவிட்டால் கட்டைவிரலாலேயே ஏறும். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுங்கள்.

வாங்கும்போது டயர் பக்கவாட்டில் 37-622 போல எண் இருக்கும். பின்னால் உள்ள மூன்று இலக்கம் பழைய டயரோடு ஒத்தே ஆகவேண்டும்.