'யாரோட சாப்பிட்டே?': முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது எப்படி

ஹாஸ்டல் திறக்கும் நாளில் எங்கள் கல்லூரி வாசலில் நின்றால் பக்கெட்டுகளைத்தான் முதலில் பார்க்கலாம். பச்சை, நீலம், சிவப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மக்கு, ஒரு தலையணை, செய்தித்தாளில் சுற்றிய ஊறுகாய் பாட்டில். தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் அப்பா. பின்னால் சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிள்ளை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வாட்ச்மேனிடம் கேட்பதும் அப்பாதான்.

நான் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். முதல் ஆண்டுக்குக் கிளாஸ் அட்வைசர் (வகுப்புப் பொறுப்பாசிரியர்) வேலை பதினான்கு வருஷமாக என் தலையில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில், மார்க் குறைவாக வந்ததால் தடுமாறியவர்களைவிட, கேட்கக் கூச்சப்பட்டுத் தடுமாறியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மெஸ் எங்கே, ரெக்கார்டு நோட்டு எங்கே கிடைக்கும், சார் சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எதையும் கேட்க மாட்டார்கள். அதனால் இதை அந்தப் பிள்ளைகளுக்காக எழுதவில்லை. அவர்களைச் சுற்றி இருக்கிற பெற்றோர், அண்ணன், அக்கா, சீனியர், புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர் ஆகியோருக்காக எழுதுகிறேன்.

என் கதையும் இதேதான். 1997இல் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி ஹாஸ்டலில் என்னை விட்டுவிட்டு அப்பா மன்னார்குடி பஸ் ஏறிவிட்டார். மெஸ்ஸில் சாப்பிட முந்தின நாளே டோக்கன் வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வரிசையில் நின்ற எல்லார் கையிலும் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். அம்மா கட்டிக்கொடுத்த பொரிவிளங்காய் உருண்டையையும் குழாய்த் தண்ணீரையும் வைத்து மூன்று ராத்திரி ஓட்டினேன். பொரிவிளங்காயைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், பசியைவிடப் பல்தான் முதலில் தோற்கும். நாலாம் நாள் தஞ்சாவூர்க்கார அக்கா ஒருத்தி, "ஏன்டி, உனக்கு அட்டை இல்லையா? வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கிளம்பும் முன்னால்

சாமான் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. இரண்டு பூட்டு, கொடிக்கயிறு, கிளிப், கொசுவலை, ஒரு டார்ச். மற்றதெல்லாம் கல்லூரி வாசல் கடையில் கிடைக்கும். படம் வரையும் டிராஃப்டரும் லேப் கோட்டும் புதிதாக வாங்க வேண்டாம். இரண்டாம் ஆண்டுக்காரர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். அதை வாங்கப் போகும் சாக்கில் ஒரு சீனியரின் அறிமுகமும் கிடைக்கும்.

காகித வேலையில்தான் கவனம் தேவை. ஒரிஜினல்கள் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துப் பிள்ளையின் போனில் போட்டுவிடுங்கள். ஐந்து செட் ஜெராக்ஸ். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் ஹாஸ்டல் பணத்துக்காக வட்டிக்கு வாங்கிய ஒரு அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

இன்னொன்று, செலவில்லாதது. சேர்க்கைக்கு வரும் நாளில் வாட்ச்மேனிடம் வழி கேட்கிற வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், வாய் மட்டும் திறக்காதீர்கள். ஆபீஸ் கவுன்டரில் "இந்த ஃபார்ம் எங்க தரணும்?" என்று அவனே கேட்கட்டும். பத்து நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும்.

முதல் மூன்று வாரம்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதல் சில வாரம் பாடம் நடத்தாமல் இன்டக்‌ஷன் நடக்கும். யோகா, பேச்சு, கல்லூரியைச் சுற்றிக் காட்டுவது. சும்மா டைம்பாஸ் என்று ஊருக்குக் கூட்டிப் போய்விடும் பெற்றோர் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். யாருக்கும் யாரையும் தெரியாத நாட்கள் அவைதான். யாரும் யாரோடும் போய் உட்காரலாம். ஒரு மாதம் கழிந்தால் செட் சேர்ந்துவிடும். அப்புறம் புதிதாக ஒரு மேஜையில் போய் உட்காருவதற்கு நிஜமாகவே தைரியம் வேண்டும்.

வீட்டிலிருந்து போன் பண்ணும்போது நம் எல்லாருக்கும் வாயில் வருவது "சாப்பிட்டியா?" அதற்குப் பதில் "ம்". அத்தோடு முடிந்தது. "யாரோட சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு வாரமாகப் பெயரே வரவில்லை என்றால், "ரூம்மேட் எந்த ஊரு?" என்று மெதுவாகத் தொடருங்கள். ராத்திரி பத்து மணிக்கு அழுதுகொண்டு "எனக்கு இங்க வேணாம்பா" என்று போன் வரும். அநேகமாக எல்லா வீட்டுக்கும் ஒரு தடவையாவது வரும். கேளுங்கள், முழுசாகக் கேளுங்கள். ஆனால் அந்த நேரத்தில் "கிளம்பி வந்துடு" என்றோ "லட்ச ரூபா கட்டியிருக்கேன்" என்றோ முடிவு எதையும் சொல்லாதீர்கள். காலையில் டிபன் சாப்பிட்ட பிறகு கூப்பிடச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலையானால் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறவர்களைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், கணக்கு டீச்சர் அல்லவா. எங்கள் முதல் செமஸ்டர் கணிதத்துக்கு 60 பீரியட். வருகை 75 சதவீதம் வேண்டும் என்றால் 15 பீரியட்தான் விடலாம். திங்கள் காலை ஊரிலிருந்து நேராக வந்து இறங்குகிறவனுக்கு முதல் பீரியட் போய்விடும். பதினைந்து திங்கள், பதினைந்து பீரியட். அப்புறம் காய்ச்சலில் ஒரு நாள் படுக்கக்கூட அவனுக்கு இடமில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்தால் போதும் என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறையில்

எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான்.

சில வருஷம் முன்பு, முதல் யூனிட், மேட்ரிக்ஸ். போர்டில் மூன்றுக்கு மூன்று ஒன்றை எழுதி, "டிடர்மினன்ட் கண்டுபிடிங்க" என்றேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான். நோட்டில் கேள்வி மட்டும் இருந்தது, அதுவும் முத்து முத்தான கையெழுத்தில். புரியலையா என்றால் தலையை ஆட்டினான், ஆமாமா இல்லையா என்று சொல்ல முடியாத ஆட்டல். அவனுடைய பிளஸ் டூ மார்க்கை நான் பார்த்திருக்கிறேன், கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல். திடீரென்று தோன்றி, போர்டில் ஓரமாக 'அணிக்கோவை' என்று எழுதினேன். "அணிக்கோவையா மேம்!" என்றான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, விடையைக் காட்டினான். அவனோடு சேர்ந்து இன்னும் ஏழெட்டுப் பேர் குனிந்து எழுத ஆரம்பித்ததையும் பார்த்தேன். அதுவரை அவர்களும் பேனாவைத்தான் மூடித் திறந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போடச் சொல்கிறேன். பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் வகுப்பில் காதில் விழுந்த வார்த்தை, வலப்பக்கம் பள்ளியில் படித்த வார்த்தை. ஃபங்ஷன் என்றால் சார்பு. லிமிட், எல்லை. இன்டகிரேஷன், தொகையிடல். இன்வர்ஸ் மேட்ரிக்ஸ், நேர்மாறு அணி. ஸ்பெல்லிங் தெரியாவிட்டால் காதில் விழுந்தபடி தமிழிலேயே எழுதட்டும், சாயங்காலம் ரூம்மேட்டிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். தீபாவளிக்குள் நோட்டு தேவைப்படாமல் போய்விடும். சீனியர்களே, உங்களிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தால் பழைய பேப்பருக்குப் போடாமல் ஜூனியருக்குக் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. "எனி டவுட்ஸ்?" என்று கேட்டால் ஒருவரும் கையைத் தூக்க மாட்டார்கள். நானும் பல வருஷம் கேட்டு ஏமாந்திருக்கிறேன். இப்போது பீரியட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் புரியாத ஒரு வரியை எழுதித் தரச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், தமிழில் எழுதலாம். மறுநாள் வகுப்பை அந்தச் சீட்டுகளிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

தேர்வு முறையும் மாறுகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பிளஸ் டூ கணிதத் தாளில் 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மார்க் கேள்விகள். புத்தகத்தின் பின்பக்கத்தை உருட்டினால் கரையேறலாம். இங்கே 100 மார்க் தாளில் பத்து இரண்டு மார்க், ஐந்து பதினாறு மார்க். பதினாறில் விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. ஆகவே தெரிந்தவரை எழுத வேண்டும், வெறும் பக்கம் விடக் கூடாது. கல்லூரியே வைக்கும் முதல் இன்டர்னல் தேர்வில் பள்ளி முதல் மாணவிக்கு இருபத்திரண்டு வரும். நேரே கழிவறைக்குப் போய் அழுவாள். அந்த வாரம் வீட்டில் மார்க்கை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். அரியர் விழுந்தாலும், அதாவது ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனாலும், அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதை வீட்டில் மறைக்க ஆரம்பித்தால்தான் ஒன்று நாலாகும்.

சீனியர்கள் பற்றி

ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே சட்டம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். "சும்மா இன்ட்ரோ கேட்டோம் மேம்" என்பார்கள். பெயரும் ஊரும் கேட்பது இன்ட்ரோ. நிற்க வைத்துப் பாடச் சொல்வது, ரெக்கார்டு எழுத வைப்பது, டீ வாங்கி வரச் சொல்வது எல்லாம் ராகிங்தான், இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. 1800-180-5522 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்கும். பிள்ளையின் போனில் இதைச் சேமித்துக் கொடுங்கள்.

ஆனால் அந்தப் பயத்தில் எல்லாச் சீனியரையும் ஒதுக்கச் சொல்லிவிடாதீர்கள். என்னை மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனவளும் சீனியர்தான். நீங்கள் சீனியர் என்றால், இந்த வருஷம் ஒரே ஒரு ஜூனியரை எடுத்துக்கொள்ளுங்கள், போதும். மெஸ், ஜெராக்ஸ் கடை, லைப்ரரி, அட்வைசர் அறை. இந்த நாலு இடத்துக்கும் கூடவே நடந்து காட்டுங்கள்.

வெறும் வீட்டு ஞாபகம் இல்லை என்று தெரிந்தால்

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாட்டுக்கு இறங்காமல், குளிக்காமல், வகுப்புக்கு வராமல் கட்டிலிலேயே கிடந்தால் "போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி நகராதீர்கள். செத்துப் போகலாம் போல இருக்கிறது என்று ஒரு பேச்சு வந்தால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அட்வைசருக்கும் வீட்டுக்கும் சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள். 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். கல்லூரியில் கவுன்சலர் இருந்தால் "போய்ப் பாரு" என்று அனுப்பாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். வாசல் வரை வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க ஒரு ஆள் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

தீபாவளிக்கு

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத் தொடங்குகிறது. காலேஜ் சேர்ந்து செட்டில் ஆவதற்குள் அந்த நாள் வந்துவிடும், காலண்டரில் குறித்து வையுங்கள். வந்த பிள்ளை முதல் நாள் முழுக்கத் தூங்கும், விடுங்கள். உறவுக்காரர்கள் முன்னால் "இங்கிலீஷ்ல பேசிக் காட்டு" என்று நிறுத்தாதீர்கள். திரும்பும்போது முறுக்கைப் பிள்ளைக்கு மட்டும் கணக்குப் பண்ணிக் கட்டாதீர்கள். ரூமில் நாலு பேர், பக்கத்து ரூமில் நாலு பேர். எண்ணெய் டின் காலியாக இருந்தால் அதில் நிறையப் போட்டுக் கொடுங்கள். பொரிவிளங்காய் மட்டும் வேண்டாம்.