பண்புசார் ஆய்வின் நம்பகத்தன்மை: ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

"முக்கோணச் சரிபார்ப்பு செய்யப்பட்டது, பங்கேற்பாளர்களிடம் சரிபார்க்கப்பட்டது, தரவு நிறைவு எட்டப்பட்டது." முக்கோணச் சரிபார்ப்பு என்பது ஒரே விஷயத்தை வெவ்வேறு வழிகளில் திரட்டிய தரவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது; தரவு நிறைவு என்பது இனித் தரவு திரட்டத் தேவையில்லை என்ற நிலை. மக்களின் பேச்சையும் அனுபவத்தையும் அலசும் பண்புசார் ஆய்வில், முறையியல் அத்தியாயத்தில் இந்த மூன்று வரிகளை எழுதிவிட்டால் ஆய்வு உறுதியாகிவிடும் என்ற நினைப்புதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர். யார் சரிபார்த்தார், எப்போது, எந்தத் தரவைக் கொண்டு, அதனால் ஆய்வில் என்ன மாறியது? இந்த நான்கில், கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது. எதையுமே மாற்றாத சரிபார்ப்பைத் தேர்வாளர் சந்தேகிப்பது நியாயமே.

தரவு நிறைவில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். "12 நேர்காணல் போதும்" என்பது விதி போலப் பரவியிருக்கிறது. 2006இல் கெஸ்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை அலசியபோது, பெரும்பாலான குறியீடுகள் (பேச்சின் பகுதிகளுக்கு அவற்றின் பொருளைச் சுட்டி இடும் பெயர்கள்) முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே மாதிரியான குழுவினர். எல்லோரிடமும் கேட்கப்பட்டவை ஏறக்குறைய அதே கேள்விகள். பலதரப்பட்ட மக்களிடம் தளர்வான உரையாடலாக நேர்காணல் எடுப்பவர் அந்த எண்ணைக் கடன் வாங்க முடியாது. அதோடு, சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் நிறைவு என்று சொன்னது, ஒரு வகைமையின் (ஒத்த குறியீடுகளின் தொகுப்பின்) இயல்புகள் முழுதாக விளங்கிவிட்ட நிலையை. புதிதாக எதுவும் காதில் விழவில்லை என்பது மட்டும் நிறைவாகாது. சேகரிப்பும் பகுப்பாய்வும் கூடவே நடந்தால்தான் அந்த நிலை கண்ணுக்குத் தெரியும். இருபது நேர்காணலையும் முடித்துவிட்டுக் குறியிடத் தொடங்கியவர் "நிறைவு எட்டியதால் நிறுத்தினேன்" என்று எழுதுவது உண்மையல்ல. ஒவ்வொரு நேர்காணலுக்குப் பின்னும் புதிதாக எத்தனை குறியீடுகள் வந்தன என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் விதியையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: முதலில் 10 நேர்காணல், அதன்பின் தொடர்ந்து 3 நேர்காணல்களில் புதிய கருத்து வராவிட்டால் நிறுத்தம் என்பதுபோல.

குறியிடுபவர் இருவருக்கு இடையிலான ஒப்புதல் அடுத்த சிக்கல். இருவரின் ஒப்புதல் தற்செயலை மிஞ்சி எவ்வளவு என்று காட்டும், 1ஐ உச்சமாகக் கொண்ட கோஹனின் கப்பா மதிப்பைக் கணக்கிடுபவர்கள், முதலில் உட்கார்ந்து பேசி வேறுபாடுகளைத் தீர்த்துவிட்டுப் பிறகு கணக்கிடுகிறார்கள். அப்படி வரும் 0.9 பேசித் தீர்த்ததைத்தான் காட்டுகிறது. குறியீட்டு விளக்கம் தெளிவாக இருந்ததா என்பதைக் காட்டுவதில்லை. இருவரும் தனித்தனியே குறியிட வேண்டும். உரையை எங்கே துண்டாக்குவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பேசுவதற்கு முன் கணக்கிட வேண்டும். பிரௌனும் கிளார்க்கும் முன்வைக்கும் மீள்நோக்குக் கருப்பொருள் பகுப்பாய்வைப் பின்பற்றுபவருக்கோ கப்பாவே பொருந்தாது. தரவில் ஓடும் பொதுக் கருத்துகளைக் கருப்பொருள்களாகத் திரட்டும்போது ஆய்வாளரின் பார்வையை வளமாகக் கருதும் முறை அது. அதில் ஒப்புதல் எண்ணைத் தேடுவது முறையின் அடிப்படைக்கே முரண்.

பங்கேற்பாளருக்கு நேர்காணலின் 40 பக்க எழுத்துப்படியை அனுப்பி "சரியா?" என்று கேட்டால் "சரிங்க" என்றுதான் வரும். படிக்க நேரம் இருக்காது. படித்தாலும் ஆய்வாளரிடம் மறுத்துப் பேசத் தயக்கம். பதிலே வராததை ஒப்புதல் என்று எழுதுவது இன்னும் மோசம். கண்டறிந்தவற்றை அவர்கள் பேசும் மொழியில் ஒன்றிரண்டு பக்கமாகச் சுருக்கி, "உங்கள் அனுபவத்தோடு எது ஒத்துப்போகவில்லை?" என்று கேளுங்கள். யார் எதை மறுத்தார், அதை ஏற்றீர்களா, ஏன் என்பதையும் பதிவு செய்யுங்கள்.

முக்கோணச் சரிபார்ப்பிலும் இதே கதைதான். நேர்காணலில் ஒன்று சொல்கிறார்கள், நேரடி உற்றுநோக்கலில் வேறொன்று தெரிகிறது என்றால், பொருந்தாததை ஓரங்கட்டிவிடுகிறார்கள். ஆய்வின் மிகச் சுவையான பகுதி அங்கேதான் கிடக்கிறது. அந்த இடைவெளி ஏன் என்று கேட்பதே பகுப்பாய்வு. உங்கள் கருப்பொருளுக்கு எதிராகப் பேசியவர்களைத் தேடிப்போய்ப் படியுங்கள். அவர்களையும் விளக்கும்படி கருப்பொருளைத் திருத்துங்கள். முடியாவிட்டால் விலக்காகவே எழுதுங்கள். மேற்கோள்களுக்குப் பங்கேற்பாளர் எண் இட்டு ஒருமுறை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. 18 பேரிடம் பேசிவிட்டு, மேற்கோள்கள் எல்லாம் நன்றாகப் பேசிய 4 பேருடையவையாக இருப்பது அப்போது பளிச்சென்று தெரியும்.

"மாதிரி சிறியது, எனவே பொதுமைப்படுத்த இயலாது" என்று வரம்புகள் பகுதியில் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. முறையியலாளர்கள் லிங்கனும் கூபாவும் பண்புசார் ஆய்வின் நம்பகத்தன்மைக்கு 1985இல் வைத்த நான்கு அளவுகோல்களில் ஒன்று, பிற சூழலுக்குப் பொருந்தும் தன்மை. பொருந்துமா என்று முடிவு செய்பவர் வாசகர். அதற்கு வேண்டிய சூழல் விவரங்களைத் தருவது ஆய்வாளர் வேலை. இடம், காலம், பங்கேற்பாளர் எப்படித் தேர்வானார்கள், மறுத்தவர்கள் எத்தனை பேர், நேர்காணல் எவ்வளவு நேரம், உடன் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் வேண்டும். 2007இல் வந்த, 32 கேள்விகள் கொண்ட கோரெக் (COREQ) பட்டியல், அதாவது நேர்காணல் ஆய்வின் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல், இவற்றை நினைவூட்டும். ஆய்வு முடிந்தபின் அதை எடுத்தால் பாதிக் கேள்விக்கு நினைவிலிருந்து ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். ஆகவே முதல் நேர்காணலுக்கு முன்பே அதைப் படித்துவிட்டு, ஒரு குறிப்பேட்டையும் திறந்துவிடுங்கள்: தேதி, எடுத்த முடிவு, காரணம். எந்தக் குறியீட்டை எதோடு இணைத்தீர்கள், எந்தக் கேள்வியை ஏன் மாற்றினீர்கள் என்று அன்றன்றே இரண்டு வரி. முதல் பக்கத்தில், இந்த ஆய்வில் எது தெரியவரும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். பகுப்பாய்வு முடிந்ததும், அந்தப் பக்கத்தையும் உங்கள் கருப்பொருள் பட்டியலையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.