அரிசியை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

சர்க்கரை இருக்கிறது என்று ரிசல்ட் வந்த அன்றைக்கே நம் வீடுகளில் நடக்கும் முதல் வேலை, ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவது. அடுத்தது, காபிக்கு வெள்ளைச் சர்க்கரை போய் நாட்டுச் சர்க்கரை வரும். அப்புறம் காலையில் இட்லிக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சி. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்தால் பலருக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. "எல்லாத்தையும்தான் விட்டுட்டேனே டாக்டர், இன்னும் ஏன் குறையலை?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாயைக் கட்டியிருக்கிறார்கள், ஆசைப்பட்டதை விட்டிருக்கிறார்கள். ஆனால் தட்டில் பொருள்தான் மாறியிருக்கிறது. மாவுச்சத்து கிட்டத்தட்ட அதே அளவில் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நூறு கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. நூறு கிராம் கோதுமை மாவில் சுமார் 64 கிராம். நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் மாவு பிடிக்கும். நாலு சப்பாத்தி என்றால் 120 கிராம் மாவு, அதாவது ஏறக்குறைய 77 கிராம் மாவுச்சத்து. நூறு கிராம் அரிசியை வடித்தால் வரும் சோற்றில் இருப்பதும் இதே அளவுதான். இத்தோடு தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா வைத்தால், விட்ட சோற்றைவிட அதிகமாகவே சாப்பிட்டு எழுகிறோம். கோதுமையில் நார்ச்சத்தும் கொஞ்சம் கூடுதல் புரதமும் உண்டு, மறுக்கவில்லை. இரண்டு சப்பாத்தி, அதோடு நிறையக் காய், ஒரு கிண்ணம் பருப்பு என்று சாப்பிட்டால் அந்த நன்மை கிடைக்கும். நாலு ஐந்து என்று போனால் கிடைக்காது.

இது வெறும் வீட்டுக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் சொன்னது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஆய்வு அது. அதன் உணவு பற்றிய முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது அந்த அறிக்கை. தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுக்கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிக்கொண்டாலும், மொத்த மாவுச்சத்து குறையாதவரை நீரிழிவு அபாயத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றும் சொன்னது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு பருப்பு, பயறு, பால் பொருள்களின் புரதத்துக்கு இடம் விடும்போது அபாயம் குறைவாக இருந்தது. டயட் என்ற பேச்சு எழும் எல்லா வீட்டிலும் இந்த ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் தட்டு எப்படி இருக்க வேண்டும்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 300 மில்லி பால் அல்லது தயிர் என்று அளவு சொல்கிறது. (இந்த நிறுவனம் பிறந்ததே நம் குன்னூரில்தான். 1918-இல் அங்குள்ள பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில், பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார்கள். தீட்டித் தீட்டித் தவிட்டை இழந்த அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைத் தாக்கிய நோய் அது. 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது.)

அந்த வழிகாட்டி சொல்லும் அளவுகளில் நாம் மிகவும் பின்தங்கியிருப்பது பருப்பில். "தினமும் சாம்பார்தான், அதில் பருப்பு இருக்கிறதே" என்பார்கள். நாலு பேர் வீட்டுச் சாம்பாருக்கு நூறு, மிஞ்சினால் நூற்றைம்பது கிராம் துவரம்பருப்பு வேகவைப்போம். நாலு பேருக்கு வேண்டியதோ 340 கிராம். இட்லி, தோசைக்குப் போடும் உளுந்தைச் சேர்த்தாலும் குறைகிறது. ரசமும் மோரும் ஊற்றிச் சாப்பிடும் நாளில் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், காய்க்கூட்டில் கைநிறையப் பாசிப்பருப்பு, காலையில் பெசரட்டு மாதிரி ஒரு பச்சைப்பயறு அடை என்று சேர்த்தால் எட்டிவிடலாம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீனும் முட்டையும் இருக்கின்றன. முட்டையில் மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதி அந்த மஞ்சளில்தான் இருக்கிறது, வைட்டமின் ஏ, டி எல்லாமும் அங்கேதான். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரும்பாலோருக்குத் தினம் ஒரு முழு முட்டையால் கெடுதல் இல்லை.

சிறுதானியம் பக்கம் வருவோம். கேழ்வரகின் பெருமை உண்மையானது. நூறு கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், பாலைப் போல மூன்று மடங்கு. கம்பில் இரும்புச்சத்து அதிகம். ஆனால் சாமை, வரகு, கேழ்வரகு, கம்பு எல்லாவற்றிலும் நூறு கிராமுக்கு 60 முதல் 67 கிராம்வரை மாவுச்சத்து இருக்கிறது. "சிறுதானியம்தானே" என்று அளவில்லாமல் சாப்பிட இடமில்லை. அதோடு, தானியத்தை எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ, எவ்வளவு நீர்க்கக் காய்ச்சுகிறோமோ, அவ்வளவு சீக்கிரம் அது சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும். மெஷினில் நைசாக அரைத்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை போட்டு வெறும் வயிற்றில் குடிப்பதைச் சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று சொல்லிக் கொடுப்பது எனக்கு நிஜமாகவே கவலை தருகிறது. அதே கேழ்வரகைக் கொரகொரவென்று உடைத்துக் களியாகக் கிண்டி, ஒரு உருண்டையோடு நிறுத்தி, கீரைக் குழம்போ கருவாட்டுக் குழம்போ வைத்துச் சாப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருக்கிறது.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன். இவற்றை "இயற்கை" என்று சொல்லித் தனியே வைத்திருக்கிறோம். உடம்பு அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. வெல்லத்தில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரைதான். "அதில் இரும்புச்சத்து இருக்கே" என்பார்கள். இருக்கிறது, நூறு கிராமுக்கு 5 மில்லிகிராமுக்கும் குறைவாக. காபியில் போடும் இரண்டு ஸ்பூனில் அரை மில்லிகிராம்கூட வராது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு சிறு ஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் தேனும் பழச்சாறும் சேர்த்தி. சாத்துக்குடியைச் சுளையாகச் சாப்பிட்டால் ஒன்றில் வயிறு நிறையும், சாறாகப் பிழிந்தால் மூன்று நாலு பழம் ஒரே மூச்சில் இறங்கிவிடும், நார் சக்கையோடு போய்விடும்.

இரும்புச்சத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால், ரத்தசோகையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கு மேல்! அதற்கு வீட்டில் செய்யும் வைத்தியம் பீட்ரூட், மாதுளை. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை. பீட்ரூட்டில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, மாதுளையில் அதிலும் பாதிக்குக் குறைவு. முருங்கைக்கீரை, கம்பு, சுவரொட்டி, ஈரல் பக்கம் போக வேண்டும். கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது, கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி என்று வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காபியும் நேர் எதிர் வேலையைச் செய்கின்றன. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தள்ளிவையுங்கள் என்று அந்த 2024 வழிகாட்டியும் சொல்கிறது. ஹீமோகுளோபின் நிறையக் குறைந்திருந்தால் கீரை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அதை வாங்கி வைத்துவிட்டு, வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதியில் விட்டவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். விடுவதற்கு முன் டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார், அல்லது நேரத்தை மாற்றித் தருவார்.

எண்ணெய் விஷயத்தில் சுருக்கமாக. பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தாராளமாக ஊற்றுவது தவறு. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். அதே வழிகாட்டிப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம், நாலு பேர் வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். உங்கள் மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வெளியே சாப்பிடும் பஜ்ஜி, பரோட்டா அந்தச் சீட்டில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு இருப்பதால், அதை மட்டுமே வைத்துச் சமைக்காமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றிக்கொள்வது நல்லது. உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: இந்துப்பும் சாதாரண உப்பைப் போலப் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். அதனால் பிரஷர் குறையாது, அயோடின் சேர்க்காத இந்துப்பு என்றால் அயோடினும் போய்விடும்.

கடைசியாக, இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான ஒன்று. உணவை மாற்றிவிட்டோம், வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் குடிக்கிறோம் என்று சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. இதன் மறுபக்கமும் உண்டு. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் லோ சுகர் ஆகிவிடலாம். அளவைக் குறைக்கப்போவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் மருந்தையும் அதற்கேற்றபடி மாற்றுவார். கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் பருப்பு, முட்டையைக் கூட்டுவதற்கு முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி சோதித்துப் பாருங்கள். சுயநினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.